தந்தையின் நினைவு போனால் மகனின் "பவர்" போகும்!

"பவர் எழுதி வாங்கியாயிற்று. இனிக் கவலை இல்லை."

வயதான தாய் தந்தையர் உள்ள பல வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். இது சரியா? பாதிதான் சரி.

தாயோ தந்தையோ நல்ல நினைவோடு இருக்கும் வரையில்தான் அந்தப் பத்திரத்துக்கு உயிர். மறதி நோய் முற்றி, "எதில் கையெழுத்துப் போடுகிறோம்" என்பதே தெரியாத நிலை வந்துவிட்டால், அது செத்த பத்திரம். பெட்டியில் பத்திரம் இருக்கும். முத்திரை இருக்கும். அதிகாரம் மட்டும் இருக்காது.

இது பலருக்குத் தெரியாது. தெரியாமலே கையெழுத்துப் போட்டு வருகிறார்கள். தெரிந்த சிலர், "இனி நான் போடமாட்டேன்" என்று விலகுகிறார்கள். அவர்கள் விலகியதும் அடுத்த கேள்வி வருகிறது: "அப்படியானால் யார் போடுவது?"

இதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் நேரான பதில் இல்லை. பல குடும்பங்களைத் திண்டாட வைக்கும் சிக்கல் இதுதான்.

எத்தனை பேருக்கு இந்த நோய்?

வயதானால் சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது உண்டு. அது நோய் அல்ல. சாவி எதற்கு என்பதே மறந்து போனால், அது நோய். இதை டாக்டர்கள் "டிமென்ஷியா" என்கிறார்கள். இதில் பல வகை. அதிகம் பேருக்கு வருவது "அல்சைமர்" என்ற வகை.

இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர்!

இந்த 88 லட்சம் பேரில் பலருக்கு வீடு இருக்கும். நிலம் இருக்கும். பாங்கியில் பணம் இருக்கும். பென்ஷன் வரும். அந்தப் பணத்தை எடுத்து அவர்களுக்கே மருந்து வாங்க வேண்டும். ஆனால், எடுக்க வேண்டிய கைக்குத் தன் கையெழுத்து மறந்து போயிருக்கும்.

பவர் என்றால் என்ன?

"எனக்குப் பதிலாக நீ செய்" என்று ஒருவர் மற்றொருவருக்கு எழுதிக் கொடுப்பதே பவர் பத்திரம். கொடுத்தவர் முதலாளி. வாங்கியவர் அவருடைய ஏஜெண்டு. மகனாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் ஏஜெண்டுதான்.

பவர் வாங்கியவருக்குச் சொத்து சொந்தம் ஆகிவிடாது. வெறும் பவர் பத்திரம் கிரயப் பத்திரம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ம் ஆண்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏஜெண்டு பற்றிய சட்டம் பழையது. 1872-ம் ஆண்டில், வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 201-வது பிரிவு, பவர் எப்போதெல்லாம் முடியும் என்று சொல்கிறது.

கொடுத்தவர் ரத்துச் செய்தால் முடியும். வாங்கியவர் "வேண்டாம்" என்று விலகினால் முடியும். வேலை முடிந்தால் முடியும். இருவரில் ஒருவர் இறந்தால் முடியும். இருவரில் ஒருவருக்குச் சித்த சுவாதீனம் இல்லாமல் போனாலும் முடியும். கொடுத்தவர் திவால் ஆனாலும் முடியும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அந்தச் சொத்தில் ஏஜெண்டுக்கே பாத்தியதை இருந்து, அதன் பொருட்டுப் பவர் கொடுக்கப்பட்டிருந்தால், அது வேறு கணக்கு. தகப்பனார் மகனிடம் "என் காரியங்களைப் பார்த்துக்கொள்" என்று எழுதிக் கொடுக்கும் சாதாரணப் பவர் அதில் சேராது.

அந்தக் காலச் சட்டத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. கேட்டுக் கணக்குப் பார்க்க முதலாளி இல்லாதபோது ஏஜெண்டுக்கு அதிகாரம் எதற்கு என்று அது நினைத்தது. கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். படுக்கையில் இருக்கும் தாய்க்கும் அவரைப் பார்க்கும் மகளுக்கும் அது பொருந்துமா?

மறதி வந்த அன்றே போய்விடுமா?

இல்லை. இதைத் தவறாக நினைத்துப் பயப்படக் கூடாது.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்றே பவர் போய்விடுவது இல்லை. ஒரு காரியத்தைப் புரிந்துகொண்டு, அதனால் தனக்கு நன்மையா தீமையா என்று ஆராயும் அறிவு இருந்தால் போதும்; அவர் சுவாதீனமுள்ளவர் என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. சில வேளை தெளிவும் சில வேளை குழப்பமுமாக இருப்பவர், தெளிவான வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்றும் அது கூறுகிறது.

ஆகவே, நோயின் தொடக்கத்தில் அவகாசம் உண்டு. சில மாதங்களாக இருக்கலாம். சில ஆண்டுகளாக இருக்கலாம். அந்த அவகாசத்தை வீணாக்கும் குடும்பங்களே பின்னால் கோர்ட்டுப் படி ஏறுகின்றன.

ஏன் விலகுகிறார்கள்?

பவர் வைத்திருக்கும் பிள்ளை விலகப் பல காரணங்கள் உண்டு. வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கலாம். அவருக்கே உடம்பு சரியில்லாமல் போகலாம். இரவெல்லாம் தாயைப் பார்த்து, பகலெல்லாம் பாங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து அலுத்திருக்கலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், கூடப்பிறந்தவர்களின் சந்தேகம்.

"அண்ணே, அப்பா வீட்டு வாடகை எங்கே போகிறது?" என்று தம்பி ஒருநாள் கேட்பார். "உனக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அண்ணன் கோபிப்பார். கணக்கு எழுதி வைத்திருந்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எழுதாததால் பகை வளரும். உத்தமமான பிள்ளையும் கணக்கு இல்லாவிட்டால் திருடனாகத் தெரிவார்.

ஐந்தாவது காரணம் நேர்மை. "அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இனி இந்தப் பத்திரத்தை நீட்டுவது சரியல்ல" என்று உணர்ந்து கையெழுத்தை நிறுத்துகிறவர்கள் உண்டு. இவர்களைச் சட்டம் பாராட்ட வேண்டும். நடப்பதோ வேறு.

விலகுவது எப்படி?

பெற்றவர் தெளிவாக இருக்கும்போதே விலகுவதாக இருந்தால் வழி எளிது. தக்க அவகாசம் கொடுத்து அறிவிக்க வேண்டும். திடீரென்று கைவிட்டு அதனால் நஷ்டம் வந்தால், விலகியவர் ஈடு கட்ட வேண்டும் என்று 206-வது பிரிவு சொல்கிறது.

அறிவிப்பை எழுத்தில் கொடுப்பதே நல்லது. பவர் பதிவு ஆகியிருந்தால், பெற்றவரையும் அழைத்துப் போய் அதே பத்திரப்பதிவு ஆபீசில் ரத்துப் பத்திரம் பதிவு செய்துவிடலாம். பாங்கிக்கும் குடித்தனக்காரருக்கும் தெரிவிக்க வேண்டும். பட்டா, பத்திரம், பாஸ் புத்தகம், சாவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைக்க வேண்டும். கணக்கையும் கொடுக்க வேண்டும். முதலாளி கேட்டால் கணக்குக் காட்டுவது ஏஜெண்டின் கடமை என்று 213-வது பிரிவே கூறுகிறது.

அப்போதே பெற்றவர் வேறு பிள்ளைக்குப் புதிய பவர் எழுதிக் கொடுக்கலாம். தெளிவாக இருக்கிறார் என்று அன்றைய தேதியில் டாக்டரிடம் சான்று வாங்கி வைத்தால், பின்னால் வழக்கு வந்தாலும் அது கை கொடுக்கும்.

நினைவு போன பிறகு விலகுவது வேறு விதம். அங்கே ராஜினாமாவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பவரே முடிந்துவிட்டது. ஆனாலும், "முடிந்துவிட்டது; எனக்கென்ன?" என்று மகன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போக முடியாது.

209-வது பிரிவு அவரைத் தடுக்கிறது. கொடுத்தவருக்குச் சுவாதீனம் போய்விட்டால், ஒப்படைக்கப்பட்ட சொத்தைக் காக்க நியாயமான நடவடிக்கை எல்லாம் ஏஜெண்டு எடுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை.

அதாவது, காக்கலாம், விற்கக் கூடாது. ஒழுகும் கூரையைச் சரி செய்யலாம். வீட்டு வரி கட்டலாம். வாடகையை வாங்கித் தகப்பனார் கணக்கில் போடலாம். வீட்டை விற்க, அடமானம் வைக்க, தானம் எழுத அந்தப் பவர் உதவாது. எழுதினால், நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது. வாங்கியவரும் அழ வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பவரிலிருந்து விலகலாம், பிள்ளை என்ற கடமையிலிருந்து விலக முடியாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பார்க்க வேண்டிய முதியவரை எங்காவது விட்டுவிட்டு ஓடினால், 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்று அது சொல்கிறது.

அடுத்த கை யாருடையது?

மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமிக்க 1890-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. மறதி நோய் கண்ட முதியவருக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை.

முன்பு ஒரு கதவு இருந்தது. 1987-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில், சுவாதீனம் இழந்தவரின் சொத்தைப் பார்க்க மாவட்டக் கோர்ட்டு ஒரு மானேஜரை நியமிக்கலாம் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. 2017-ல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. நோயாளியின் உரிமைகளுக்கு அது நல்ல சட்டம். தனக்கு எப்படி வைத்தியம் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். ஆனால், அவர் பேசுவது வைத்தியம் பற்றித்தான். சொத்து பற்றிய பழைய அத்தியாயம் புதிய சட்டத்தில் இடம் பெறவில்லை. கதவு மூடியது.

2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், ஓரளவு அதிகாரம் உள்ள காப்பாளரை நியமிக்க வழி இருக்கிறது. ஆனால், அதன் அட்டவணையில் டிமென்ஷியா என்று பெயர் சொல்லி எழுதவில்லை. எனவே அந்த வழியிலும் வாதம் செய்ய வேண்டியிருக்கிறது.

மிச்சம் இருப்பது ஐகோர்ட்டு. "தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்கு அரசே பெற்றோர்" என்ற பழைய நீதியை வைத்து, அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின்படி ஐகோர்ட்டுகள் காப்பாளரை நியமிக்கின்றன.

கேரள ஐகோர்ட்டு 2019-ல், நினைவில்லாமல் "கோமா" நிலையில் இருப்பவர்களுக்காக விதிகள் வகுத்தது. டாக்டர்கள் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும். தாசில்தார் பதவிக்குக் குறையாத அதிகாரி குடும்பத்தையும் சொத்தையும் விசாரிக்க வேண்டும். காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். பம்பாய் ஐகோர்ட்டு, மறதி நோய் கண்ட பெற்றோருக்கும் பிள்ளைகளைக் காப்பாளராக நியமித்திருக்கிறது.

சென்னை ஐகோர்ட்டிலும் 2024-ல் ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவில் இருந்தார். வைத்தியச் செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் அவருடைய சொத்தை விற்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி, "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார். மனைவி அப்பீல் செய்தார். இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அவரைக் காப்பாளராக நியமித்தது. சொத்தை விற்கலாம், ஆனால், 50 லட்சம் ரூபாயைக் கணவர் பேரில் டெபாசிட் போட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

நல்ல தீர்ப்பு. ஆனால், இதற்காக அவர் இரண்டு தடவை கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. சிறிய ஓட்டு வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ள குடும்பம் ஐகோர்ட்டுக்குப் போக முடியுமா? வக்கீல் கட்டணமே சேமிப்பைத் தின்றுவிடாதா?

வெளிநாடுகளில் எப்படி?

1872-ம் ஆண்டுச் சட்டத்தை நமக்குக் கொடுத்தவர்கள் ஆங்கிலேயர். அவர்களே தங்கள் நாட்டில் இந்த முறையை மாற்றிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 1985-ம் ஆண்டுச் சட்டம், நினைவு போன பிறகும் நிலைக்கும் பவரைக் கொண்டு வந்தது. 2005-ம் ஆண்டுச் சட்டம் அதைத் திருத்தி அமைத்தது. அது 2007-ல் அமலுக்கு வந்தது. எழுதிக் கொடுப்பவர் புரிந்துதான் எழுதுகிறார் என்று வெளியாள் ஒருவர் சான்று தர வேண்டும். சர்க்கார் ஆபீசில் பதிவு செய்த பிறகே அது செல்லும்.

அங்கே பிள்ளை விலகவும் ஒழுங்கான முறை இருக்கிறது. அதற்கென்று உள்ள பாரத்தை நிரப்பி, பெற்றவருக்கும், கூட நியமிக்கப்பட்ட மற்றவர்களுக்கும், சர்க்கார் ஆபீசுக்கும் தெரிவிக்க வேண்டும். "இவர் விலகினால் அவர்" என்று பத்திரத்திலேயே மாற்றாளை எழுதி வைக்கலாம். ஒருவரும் இல்லாவிட்டால் அதற்கென்றே இருக்கும் கோர்ட்டு ஒருவரை நியமிக்கும்.

தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரிலும் இதே போன்ற சட்டம் 2008-ல் நிறைவேறியது. 2010-ல் அமலுக்கு வந்தது.

"இங்கே கொண்டு வந்தால் பேராசைக்காரப் பிள்ளைகள் சுருட்டிவிடுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால், இன்றைக்கு மட்டும் சுருட்டாமலா இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் பவர் மூலம் கிரயம் பதிவு செய்யும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. அது உயிர் இருக்கிறது என்பதற்குச் சான்று. நினைவு இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல. ஏமாற்ற நினைப்பவன் பெற்றவரின் நோயை வெளியே சொல்லாமல் செத்த பத்திரத்தை வைத்தே காரியத்தை முடிக்கிறான். உண்மையைச் சொல்லி நிறுத்துகிற பிள்ளைதான் மருந்துக்குப் பணம் எடுக்க முடியாமல் தவிக்கிறார். நேர்மையானவர் கையைக் கட்டி, நேர்மையற்றவன் கையை அவிழ்த்து விடுகிறது இன்றைய நிலை.

ஆகவே வேண்டியது, காவல் உள்ள புதிய சட்டம். நினைவு போன பிறகும் நிலைக்கும் பவர். அதற்குப் பதிவு. ஆண்டுதோறும் கணக்கு. விலகுகிறவருக்கு வழி. அவருக்குப் பதில் மாற்றாள். ஐகோர்ட்டு வரை போகாமல் மாவட்டத்திலேயே தீர்ப்பு. இதைச் செய்ய வேண்டியது பாராளுமன்றம்.

அதுவரை குடும்பம் செய்ய வேண்டியது

பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே உட்கார்ந்து பேச வேண்டும். "சொத்தைப் பற்றிக் கேட்டால் அப்பா தப்பாக நினைப்பாரே" என்று தயங்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்.

பாங்கிக் கணக்கை "இருவரில் யாரும் எடுக்கலாம்" என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றலாம். அன்றாடச் செலவுக்குப் பவர் இல்லாமலே கை கொடுப்பது இதுதான். "நாமினி" போட்டிருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. நாமினிக்குப் பணம் கிடைப்பது கணக்கு வைத்திருப்பவர் இறந்த பிறகுதான்.

உயில் எழுதுவதாக இருந்தால் தெளிவு உள்ளபோதே எழுத வேண்டும். வைத்தியம் பற்றிப் பேச ஒருவரை 2017-ம் ஆண்டுச் சட்டப்படி எழுதி வைக்கலாம். பெரிய சொத்து உள்ளவர்கள் வக்கீலைக் கலந்து குடும்ப டிரஸ்டு வைக்கலாம். டிரஸ்டு முறைப்படி எழுதப்பட்டால், எழுதியவர் நினைவு போனாலும் அது நிற்கும்.

பவர் வைத்திருக்கும் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். மாதம் ஒரு முறை கூடப்பிறந்தவர்களுக்குக் காட்ட வேண்டும். விலகும் நாளில் அவரைக் காப்பாற்றுவது அந்த நோட்டுத்தான்.

வழி தெரியாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆகவே தாயாருக்காகத் தயங்காமல் கேட்கலாம். சட்ட உதவிக்கு டெலிபோன் எண் 15100. முதியோர் உதவிக்கு 14567.

நினைவு ஒரு நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது. போகும் முன் பேசித் தீர்த்துக்கொள்ளும் குடும்பத்தில், ஒரு பிள்ளை விலகினாலும் தாய் தவிக்க மாட்டாள்; அடுத்த பிள்ளையின் கை அவளுக்காகக் காத்திருக்கும்.